கருவறையில் ஒரு நோயாளி

முன்னுரை

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்கு மகன் பிறந்த செய்தி கேட்டுப் போர்க்கோலம் களையாமலே வந்து குழந்தையைக் கண்டான் என்பதை ஔவையார் பாடல் ஒன்று நமக்குக் காட்டுகிறது. பகைவரைச் சினந்து நோக்கிய கண்ணின் சிவப்பு, பெற்ற மகனை நோக்கிய போதும் மாறவில்லையாம். புறநானூற்றின் நூறாம் பாடல் அது. மகன் பிறந்த பின்னரே தந்தை அவன் முகத்தைக் காண இயலும் என்பது அன்றைய நியதி. அதற்கு முன் பத்துத் திங்களும் அம்முகம் இருளுக்குள் இருந்தது.

அந்தத் தகடூரே இன்றைய தருமபுரி. அங்கிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இண்டூர் என்னும் ஊர் இருக்கிறது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் வானம் பார்த்த நிலமும், சந்தைக்குக் கூடும் சுற்றுக்கிராம மக்களும் உடைய சிற்றூர். அவ்வூரில் வாழும் ஒரு தந்தை இன்று தம் குழந்தையின் முகத்தை ஐந்தாம் மாதத்திலேயே ஒரு திரையில் கண்டுவிடுகிறார். முகத்தோடு சில வேளைகளில் நோயையும் கண்டுவிடுகிறார். அவ்வாறு பிறக்கும் முன்னரே நோயுற்றது என அறியப்பட்ட குழந்தைக்கும் அதன் தாய்க்கும் அளிக்கப்படும் சிறப்பு மருத்துவம் யாது, அது எவ்வாறு செயற்படுகிறது, அதனைப் பெறுவதில் நம்மனோர்க்குள்ள தடைகள் யாவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவம் பயிலாத தமிழாசிரியன் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

பண்டையோர் கண்ட எச்சங்கள்

பிறவிக் குறைபாடுகளைப் பற்றிய சிந்தனை தமிழருக்குப் புதியதன்று. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாடல் ஒன்று (புறநானூறு 28) மக்கட் பிறப்பில் காணப்படும் குறைகளை எட்டாக வகைப்படுத்துகிறது. பார்வையின்மை, உறுப்புகள் அமையாத தசைப் பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கின் வடிவம், அறிவு மயக்கம் என்பன அவை. இன்று இச்சொற்களுள் பலவற்றை நாம் ஆள்வதில்லை, ஆளவும் கூடாது. ஆயினும், பிறவிக் குறைகளை எண்ணி, பிரித்து, பெயரிட்டுக் காணும் நோக்கு அக்காலத்தே இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடலோ (புறநானூறு 74) மற்றொரு செய்தியைத் தருகிறது. இறந்து பிறந்த குழந்தையாயினும், வடிவற்ற தசைப் பிண்டமாயினும், அதனையும் ஓர் ஆள் என்றே மதித்து, வாளால் கீறிப் புதைப்பது மறக்குடியினர் வழக்கம் என்கிறது அது. வழக்கம் கொடிதாகத் தோன்றலாம். ஆனால் பிறந்து ஒருமுறையேனும் அழாத உயிரையும் கணக்கில் கொண்ட மனம் அதனுள் இருக்கிறது. இன்று மருத்துவர்கள் கருவிலிருக்கும் குழந்தையைத் தனி நோயாளி என்று கருதத் தொடங்கியிருப்பதும் ஏறத்தாழ அத்தகைய மதிப்பே எனலாம்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. நாம் பேசப்போகும் மருத்துவத்தில் முதற்கூறு சற்று வேறுபடுகிறது. இங்கு நோயுற்றவர் ஒருவர் அல்லர், இருவர். அவ்விருவரும் ஓருடலில் இருக்கின்றனர். ஒருவரைத் தொடாமல் மற்றவரைத் தொட இயலாது. இத்துறையின் அருமையும் இடரும் இந்த ஓருண்மையில் அடங்கியுள்ளன.

இருளுக்குள் சென்ற ஒலி

கருவைக் காணும் கருவி மருத்துவமனையில் பிறந்ததன்று. உலோகத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று ஒலியலைகளைச் செலுத்திக் கண்டறியும் கருவியைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தி வந்தன. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அக்கருவியைக் கண்டு, அதனை மனித உடலுக்குப் பயன்படுத்தலாமே என்று எண்ணினார். பொறியாளர் டாம் பிரௌன் முதலியோர் துணையுடன் அவர் செய்த ஆய்வு 1958-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. நம் காதுக்கு எட்டாத அளவு நுண்ணிய ஒலி உடலுக்குள் சென்று, திசுக்களில் மோதி எதிரொலித்துத் திரும்புகிறது. அவ்வெதிரொலிகளைக் கோத்துத் திரையில் உருவமாக்குவதே நாம் 'ஸ்கேன்' என்று வழங்கும் மீயொலிப் பரிசோதனை.

தமிழகத்தில் இக்கருவியைக் கருச்சிசுவின் நலத்திற்கெனத் தனித்துறையாக வளர்த்தவர்களுள் சென்னை மெடிஸ்கேன் நிறுவனத்து மருத்துவர் எஸ். சுரேஷ் குறிப்பிடத்தக்கவர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களிலும் இத்துறைக்கெனத் தனிப்பிரிவுகள் இன்று இயங்குகின்றன.

நூறு குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் குறிப்பிடத்தக்க பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட பொதுக் கணக்கு. அவற்றைக் கண்டறிய இரு பரிசோதனைகள் இன்றியமையாதவை. பதினொன்றாம் வாரத்திற்கும் பதினான்காம் வாரத்திற்கும் இடையே செய்வது முதலாவது. மண்டையோடு அமையாமை போன்ற பெருங்குறைகள் அப்பொழுதே தெரிந்துவிடும். கழுத்தின் பின்புறத்தில் தேங்கும் நீரின் அளவைக் கொண்டு குரோமோசோம் குறைபாட்டிற்கான வாய்ப்பைக் கணிக்கும் முறையை 1992-இல் இலண்டனில் நிகோலைடிஸ் என்பார் விளக்கினார். பதினெட்டு முதல் இருபது வாரத்திற்குள் செய்யப்படுவது இரண்டாவது. இதயம், மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம், குடல் என ஒவ்வோர் உறுப்பும் அப்போது முறையாக ஆராயப்படும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். 'வாய்ப்பு உண்டு' என்று சொல்லும் பரிசோதனை வேறு; 'நோய் இதுவே' என்று உறுதிசெய்யும் பரிசோதனை வேறு. தாயின் குருதியில் குழந்தையின் மரபுப்பொருள் கலந்திருப்பதை 1997-இல் டென்னிஸ் லோ கண்டறிந்தார். அதன் அடிப்படையில் அமைந்த குருதிப் பரிசோதனை கூட முதல் வகையைச் சார்ந்ததே. உறுதி வேண்டுமாயின் நச்சுக்கொடியின் சிறு துணுக்கையோ பனிக்குட நீரையோ ஊசி வழி எடுத்து ஆராய்தல் வேண்டும். முதல் வகைப் பரிசோதனையின் முடிவை மட்டும் கண்டு அஞ்சி, கருவைக் கலைக்க முடிவு செய்வோர் உளர். அது விசாரணை முடியும் முன் தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும்.

எங்கள் வீட்டு நிகழ்வு

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்தை இனிக் கூறுகிறேன். என் தங்கை இண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய முதற் பிரசவம் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் எவ்விதச் சிக்கலுமின்றி நிகழ்ந்தது, பெண் குழந்தை. அவளுடைய மருத்துவச் சீட்டில் 'பி நெகடிவ்' என்று எழுதப்பட்டிருந்தது. அதனை நாங்கள் அனைவரும் பார்த்தோம், ஒருவரும் படிக்கவில்லை. போட வேண்டிய ஊசி ஒன்று போடப்படாமலே மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். ஏன் போடவில்லை என்று கேட்கும் அறிவு எங்களுக்கும் இல்லை. நான் அப்போது ஆய்வேடு எழுதி எம்.ஃபில். பட்டம் பெற்றிருந்தவன்.

இரண்டாம் முறை கருவுற்றபோது ஏழாம் மாதத்தில் குழந்தையின் அசைவு நின்றது. உடலெல்லாம் நீர் கோத்து வீங்கிய நிலையில் அது இறந்து பிறந்தது. கண்ணேறு என்றார் சிலர். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றார் சிலர். அவளுடைய மாமியார் நல்லவர். அவரும் அழுதார், ஆனால் அவர் வாயிலிருந்தும் ஓரிரு சொற்கள் வந்துவிட்டன. ஒரு மாதம் கழித்து நான் சென்றிருந்தபோது என் தங்கை சொன்னாள்: "அண்ணே, வர்றவங்க எல்லாம் குழந்தை எப்படிப் போச்சுன்னு கேக்குறாங்க. ஏன் போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்ற வள்ளுவர் கருத்தைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வந்தவன் நான். அதனை எனக்கு விளக்கியவள், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தங்கை.

குருதிப் பகையும் தீர்வும்

'ஏன்' என்னும் வினாவிற்கு விடை இதுதான். மனிதர் பலருடைய குருதிச் சிவப்பணுக்களின் மேல் ஆர்.எச். என்னும் ஒரு பொருள் உண்டு. அவர்கள் பாசிடிவ் வகையினர். நம் நாட்டில் நூற்றுக்கு ஐவர் அளவில் அப்பொருள் இல்லாதவர்கள். அவர்கள் நெகடிவ் வகையினர். தாய் நெகடிவ் ஆகவும் தந்தை பாசிடிவ் ஆகவும் இருப்பின் குழந்தை பாசிடிவ் ஆக அமையலாம். பிரசவத்தின்போது குழந்தையின் குருதி சிறிதளவு தாயின் குருதியில் கலக்கும். தாயின் உடல் அதனை அயலான் என்று கருதி, அதனை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. முதற் குழந்தை பிறந்துவிட்டதால் அதற்குத் தீங்கில்லை. அடுத்த குழந்தை உருவாகும்போது அந்த எதிர்ப்பொருள் நச்சுக்கொடியைக் கடந்து சென்று அதன் சிவப்பணுக்களை அழிக்கிறது. குழந்தை குருதியிழந்து, இதயம் தளர்ந்து, நீர் கோத்து இறக்கிறது. தாய் குற்றமற்றவள், தன் கடமையைச் செய்யும் அவள் உடலும் குற்றமற்றதே.

இதனைத் தடுக்கும் ஊசி 1968 முதல் மருத்துவப் பயன்பாட்டில் உள்ளது. 'ஆன்ட்டி-டி' என்பது அதன் பெயர். குழந்தை பிறந்த 72 மணி நேரத்திற்குள் அதனைப் போட்டுவிட்டால், தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும் முன்னரே கலந்த அணுக்கள் அகற்றப்படுகின்றன. கருவுற்ற இருபத்தெட்டாம் வாரத்திலும், கருச்சிதைவு ஏற்படின் அப்போதும் அது தேவைப்படும். எதிர்ப்பொருள் உண்டாகிவிட்ட பின்னரோ அவ்வூசியால் பயனில்லை. அப்போது தேவைப்படுவதே கருச்சிசு மருத்துவம்.

நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து நகரத்தில் வில்லியம் லைலி என்னும் மருத்துவர் 1963-ஆம் ஆண்டு, தாயின் வயிற்றின் வழியே ஊசியைச் செலுத்திக் கருவிலிருந்த குழந்தையின் வயிற்றறைக்குள் குருதியைச் செலுத்தினார். குழந்தை உயிருடன் பிறந்தது. கருவிலிருக்கும் குழந்தைக்கு நேரடியாக மருத்துவம் செய்யும் காலம் அன்று தொடங்கியது எனலாம். 1980-களில் மீயொலித் திரையைப் பார்த்துக்கொண்டே கொப்பூழ்க்கொடியின் குருதிநாளத்திற்குள் நேரே குருதி செலுத்தும் முறை வந்தது. குழந்தைக்குக் குருதிச்சோகை உண்டா என்பதை அறியவும் முன்பு ஊசி குத்த வேண்டியிருந்தது. மூளைக்குச் செல்லும் குருதிநாளத்தில் குருதி ஓடும் வேகத்தை அளந்தே அதனை அறியலாம் என்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு நிறுவியது. சோகையுற்ற குருதி நீர்த்துப் போவதால் விரைந்து ஓடும் என்பதே அதன் அடிப்படை.

என் தங்கை மூன்றாம் முறை கருவுற்றபோது, தருமபுரியில் ஒரு பெண் மருத்துவர் அச்சீட்டைப் படித்தார். எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு எழுதினார். முடிவைப் பார்த்தவுடன் பெருநகர மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார். இருபத்தாறாம் வாரம் தொடங்கி மூன்று முறை குழந்தைக்குக் குருதி செலுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரவுப் பேருந்து. மச்சான் கடையை அடைத்துவிட்டு உடன் செல்வார். மூத்த பெண் எங்கள் வீட்டில் இருப்பாள். மயக்க மருந்தின்றி என் தங்கை விழித்தபடியே படுத்திருந்தாள். ஊசி உள்ளே செல்வதைத் திரையில் தானே பார்த்தாளாம். குழந்தைக்கு வேண்டிய குருதி 'ஓ நெகடிவ்' வகையைச் சார்ந்தது. நம் நாட்டில் கிடைத்தற்கு அரியது. மூன்று முறையும் யாரோ மூவர் வந்து கொடுத்துவிட்டுச் சென்றனர். அவர்கள் யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று இன்றளவும் எங்களுக்குத் தெரியாது.

முப்பத்தைந்தாம் வாரத்தில் மகன் பிறந்தான். இன்று அவன் உயர்நிலைப் பள்ளி மாணவன். கணக்கில் மதிப்பெண் குறைவு என்பதைத் தவிர வேறு குறை ஒன்றும் அவனிடம் இல்லை.

பிற நோய்களும் பிற வழிகளும்

கருவில் காணும் நோய்கள் எல்லாம் ஒரே வழியில் தீர்வன அல்ல. அவற்றை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

தாய்க்கு மருந்து கொடுத்துக் குழந்தையின் நோயைத் தீர்த்தல் முதல் வகை. குழந்தையின் இதயம் அளவு கடந்து விரைந்து துடிக்கும் நோயில், தாய் உட்கொள்ளும் மருந்து நச்சுக்கொடி வழியாகச் சென்று அத்துடிப்பைச் சீராக்குகிறது.

கருவிலேயே கருவியைச் செலுத்திச் சீர்செய்தல் இரண்டாம் வகை. ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையருள் ஒன்றின் குருதி மற்றொன்றுக்குப் பாய்ந்து இரண்டும் அழியும் நிலை உண்டு. நூலளவுக் குழாயை உட்செலுத்தி, இணைக்கும் நாளங்களை லேசர் ஒளியால் அடைத்துவிடுகின்றனர். இம்முறையே சிறந்தது என்பதை 2004-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு உறுதிசெய்தது. கருப்பையைத் திறந்து செய்யும் அறுவையை அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் 1981-இல் தொடங்கிவைத்தார். முதுகெலும்பு மூடாத குழந்தைக்கு இருபத்தாறாம் வாரத்திற்கு முன் கருப்பையிலேயே அறுவை செய்தால், பின்னர் மூளை நீரை வடிக்கக் குழாய் வைக்க வேண்டிய தேவை நூற்றுக்கு 82 என்பதிலிருந்து 40 ஆகக் குறைகிறது என்று 2011-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. ஆயினும் குறைப்பிரசவமும் தாயின் கருப்பைத் தழும்பும் அதற்குக் கொடுக்கும் விலை. ஒருவருக்காக மற்றவர் ஏற்கும் வலி இது.

பிறக்கும் இடத்தையும் நேரத்தையும் திட்டமிடுதல் மூன்றாம் வகை. பெரும்பாலோர்க்கு வேண்டுவது இதுவே. இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருநாளங்களும் இடம் மாறியுள்ள குழந்தை கருவில் நன்றாகவே வளரும். பிறந்த சில மணி நேரத்திலோ நாட்களிலோ நீலம் பாய்ந்து உயிர் இழக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால், இதய அறுவை நிபுணர் உள்ள இடத்தில் பிரசவம் நிகழச் செய்து, உரிய மருந்தைத் தொடங்கி, சில நாட்களில் அறுவை செய்து காப்பாற்ற இயலும். ஒரே குழந்தை, ஒரே நோய். கிராமத்தில் பிறந்தால் மரணம். உரிய இடத்தில் பிறந்தால் வாழ்வு.

மருந்தே இல்லாத நோய்கள் நான்காம் வகை. அவை பற்றித் தனியே கூற வேண்டும்.

மருந்தில்லாத இடத்தில்

மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் அமையாத குழந்தை பிறந்து வாழ இயலாது. இத்தகைய செய்தியைப் பெற்றோரிடம் சொல்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. எழுந்து நின்றபடி, நடைவழியில், ஒரே தொடரில் சொல்லி முடிக்கும் செய்தியன்று அது. அமரச் செய்து, கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வைத்து, அவர்கள் மொழியில் சொல்லி, அவர்கள் கேட்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

கருக்கலைப்பைப் பற்றிய இந்தியச் சட்டம் 1971-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இருபது வாரம் என்பது அதன் எல்லை. இருபத்து நான்கு வாரம் கடந்த நிலையில் குழந்தையின் இதயக் குறைபாட்டை அறிந்த தம்பதியர் ஒருவர் 2008-இல் மும்பை உயர்நீதிமன்றத்தை நாடியபோது அனுமதி மறுக்கப்பட்டது. நாடெங்கும் விவாதம் எழுந்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சில வகையினர்க்கு எல்லை இருபத்து நான்கு வாரமாக நீட்டப்பட்டது. குழந்தைக்குக் கடுமையான குறைபாடு உண்டு என மருத்துவ வாரியம் கண்டால் வார எல்லை பொருந்தாது.

நம் சமுதாயப் பெரியோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மார்க்கம் இதற்கு இடந்தருமா என்பது. மக்காவில் 1990-ஆம் ஆண்டு கூடிய இஸ்லாமியச் சட்டவியல் பேரவை இதனை ஆராய்ந்தது. கருவுற்று 120 நாள் நிறைவதற்கு முன், தக்க மருத்துவர் குழு ஒன்று, சீர்செய்ய இயலாத கடுங்குறை என்று உறுதிசெய்து, பெற்றோரும் வேண்டினால் அனுமதிக்கலாம். அதன் பின்னரோ தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே என்று அது முடிவுரைத்தது. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அவரவர் தம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிக. நான் சொல்ல விரும்புவது ஒரு கணக்கைப் பற்றியது. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து வாரத்தை எண்ணுகின்றனர். கருவுறுதல் அதற்கு ஏறத்தாழ இரு வாரம் பின்னர். ஆகவே 120 நாள் என்பது மருத்துவர் கணக்கில் ஏறக்குறைய பத்தொன்பதாம் வாரம். ஐந்தாம் மாத ஸ்கேன் ஒன்றையே நம்பியிருப்பவர்க்கு அந்த எல்லை அறியும் முன்னரே கடந்துபோகும். மார்க்கத்தின் வரம்பைப் பேண விரும்புவோரே மூன்றாம் மாதப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாதவர்கள்.

குழந்தை வாழாது என்று அறிந்தும் அதனைச் சுமந்து பெற முடிவு செய்யும் தாய்மாரும் உளர். அவர்களுக்கும் உரிய மருத்துவம் உண்டு. வலியின்றி, மரியாதையுடன், தாயின் கைகளில் அக்குழந்தை இருக்கும் சில மணித்துளிகளைக் காத்துக் கொடுப்பதே அது. அவர்களை மூடர் என்பதும், மற்றவரைக் கொடியர் என்பதும் வெளியில் நிற்போர் வாய்க்கு எளிது.

உறவுக்குள் மணம்

பிறவி நோய்களைப் பற்றிப் பேசுகையில் நம் வீடுகளின் வழக்கம் ஒன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என உறவுக்குள் மணம் செய்வது தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. இங்கு நிகழும் மணங்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் உறவுக்குள் நிகழ்வன என்பதை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. மறைந்திருக்கும் குறையுடைய மரபணு ஒன்று தாய் தந்தை இருவரிடமும் இருக்குமாயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வெளிப்படும். உறவினரிடையே ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளிடையே எட்டில் ஒரு பங்கும், தாய்மாமன் மருமகளிடையே நான்கில் ஒரு பங்கும் மரபணுக்கள் பொதுவானவை.

இதனைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்றாக உள்ள குறைபாடு, இவ்வகை மணங்களில் ஏறத்தாழ இருமடங்காகிறது; பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அக்குடும்பத்திற்குள்ளேயே மீண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முன் மரபியல் ஆலோசனை பெறுதல் கடமையாகும். தாலசீமியா, அரிவாளணுச் சோகை முதலிய குருதி நோய்களைச் சுமப்பவரை எளிய குருதிப் பரிசோதனையால் மணத்திற்கு முன்பே அறியலாம்.

அவ்வாறே ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றியும் அறிதல் நலம். குழந்தையின் தண்டுவடக் குழல் கருவுற்ற இருபத்தெட்டு நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது; அதாவது, தான் தாயாகப் போவதைப் பெண் அறியும் காலத்திலேயே அவ்வேலை முடிந்துவிடுகிறது. அதனால் கருவுறும் முன்னரே அம்மாத்திரையைத் தொடங்க வேண்டும். முன்பு இக்குறையுடன் குழந்தை பெற்ற தாய்மார், மருத்துவர் சொற்படி மிகுந்த அளவில் அதனை உண்டால், அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு எழுபது அளவுக்குத் தடுக்கப்படும் என்று 1991-ஆம் ஆண்டு ஆய்வு மெய்ப்பித்தது.

ஒரே கருவி, இரு நோக்கம்

தருமபுரி என்னும் பெயரைச் சொன்னவுடன் பெண்சிசுக்கொலையை நினைப்போர் உண்டு. அவ்வவலத்தைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001-இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது. கள்ளிப்பாலின் வேலையை ஸ்கேன் கருவி செய்யத் தொடங்கியபோது 1994-இல் சட்டம் வந்தது. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம். நோயைக் காணவே அக்கருவி. பெண்ணாகப் பிறப்பது நோயன்று. இச்சட்டத்தைச் சிலர் மீறியதன் விளைவாக, உண்மையில் தேவையுள்ள சிற்றூர்களில் இக்கருவியை நிறுவுவதும் கட்டுப்பாடுகள் மிக்கதாயிற்று. தீயோர் செய்த தவற்றின் சுமையை நோயுற்ற குழந்தையும் சுமக்கிறது.

இண்டூரிலிருந்து எவ்வளவு தொலைவு?

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூன்று கணவன்மாரும் மறுத்ததே காரணம். அதனைக் கண்ட ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண் மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கியதே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அதற்கு முன்னரே, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி ஷார்லீப், கோஷா முறை பேணும் பெண்களுக்கெனச் சென்னையில் 1885-இல் ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இன்றும் அது இயங்குகிறது. 'கோஷா ஆஸ்பத்திரி' என்ற பெயரும் மக்கள் நாவில் இன்னும் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிற்கு ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது அங்கு மருத்துவமனையே இல்லை. அவர்கள் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே நலப்பணி கற்பித்துச் சிசு மரணத்தைப் பெருமளவு குறைத்தனர். பெருங்கருவிகளுக்கு முன், சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதை அவர்களுடைய பணி மெய்ப்பித்தது.

இன்று நிலை மாறியிருக்கிறது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு 108 ஊர்தியும் வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவைகள் பல அடங்கும். ஆயினும் கருவிலிருக்கும் குழந்தைக்குக் குருதி செலுத்துவது போன்ற மருத்துவத்திற்கு வேலூரோ சென்னையோ பெங்களூரோ செல்ல வேண்டும். அத்தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பது போதாது. எத்தனை நாள் கூலி போகும், மூத்த குழந்தையை யார் பார்ப்பார், மாமியார் சம்மதிப்பாரா, அங்கே யாரைக் கேட்பது என்பவையே உண்மையான தொலைவு.

முடிவுரை

வள்ளுவர் கூறிய நான்கு கூறுகளுள் மூன்றை இக்கட்டுரை விளக்கியது. நோயுற்றவர் இருவர், மருத்துவர் உளர், மருந்தும் பல நோய்களுக்கு உண்டு. எஞ்சி நிற்பது நான்காவது கூறாகிய உடனிருப்போர். அது நாமே. மணமாகும் முன் நம் பிள்ளைகள் தம் குருதி வகையை அறிந்திருக்கச் செய்தல், நெகடிவ் வகைத் தாய்க்கு ஊசி போடப்பட்டதா என்று பிரசவ நாளிலேயே கேட்டல், மூன்றாம் மாதப் பரிசோதனையைச் செலவு என்று கருதாமை, குழந்தையை இழந்த பெண்ணின் மேல் பழி சுமத்தாமை, பெருநகருக்குச் செல்லும் ஏழைக் குடும்பத்திற்கு ஜமாஅத் பொதுநிதியிலிருந்து வழிச்செலவும் தங்குமிடமும் உதவுதல் ஆகியவை நம் கைக்கு எட்டாதவை அல்ல.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் 'ஓ நெகடிவ்' வகையினர் இருப்பின் அருகிலுள்ள குருதி வங்கியில் பெயரைப் பதிந்து வையுங்கள். என்றோ ஒருநாள் உங்களை அழைப்பார்கள். யாருக்கு என்று நீங்கள் கேட்டால், இன்னும் பிறக்காத ஒருவருக்கு என்று விடை வரலாம். அப்படி வந்த மூவரால்தான் இண்டூரில் ஒரு வீட்டில் இன்று மாலை ஒரு சிறுவன் கணக்குப் போட மறுத்து அடம்பிடித்துக்கொண்டிருப்பான்.